ரொம்ப நோயாளியாகத் தெரியாத நோயாளி

ஆளில்லாத கட்டடத்தில் ஆட்களை நிற்க வைப்பதுதான் அவனுடைய வேலை. கட்டடமே இன்னும் கட்டப்படவில்லை என்பதால் ஆட்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை. கட்டடக்கலை அலுவலகத்தில் ஒருவர் சுவரை வரைவார், இன்னொருவர் கண்ணாடியை வரைவார். கடைசியில் படம் பளபளவென்று, ஆனால் ஊரே காலி செய்துவிட்டு ஓடிப்போனது போல, அவனிடம் வந்து சேரும். கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கும் மனிதர்களிலிருந்து பொறுக்கி, வாசலில் இருவர், படியில் ஒருத்தி, தூரத்தில் சைக்கிளோடு ஒருவர் என்று ஒட்டி, காலடியில் நிழல் போட்டு உயிர் கொடுப்பான். அலுவலகத்தில் அவனுக்கு ஆள்பிடி என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அவனிடம் இருந்த மனிதர்கள் ஒரு தனி இனம். யாருக்கும் தொப்பை கிடையாது. பாதிப் பேர் கையில் காபிக் கோப்பை இருக்கும். மீதிப் பேர் எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பார்கள். எதைக் காட்டுகிறார்கள் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி உண்டு. அவளை அவன் ஒரு விமான நிலையத்திலும், இரண்டு நூலகங்களிலும், ஒரு மின்மயானத்திலும் சிரித்தபடி நடக்க வைத்திருக்கிறான். மயானக்காரர்கள் மட்டும் சிரிப்பைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டார்கள்.

இப்போது அவன் கையில் இருந்தது ஒரு கூட்டு மருத்துவ ஆய்வு வளாகம். நகரத்தின் பெரிய மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி, ஆராய்ச்சிக் கழகம் மூன்றும் தனித்தனியாகச் சிந்தித்து அலுத்துப்போய், இனி ஒரே கூரையின் கீழ் சேர்ந்து சிந்திப்பது என்று முடிவு செய்திருந்தன. மொத்தக் காய்கறிச் சந்தைக்கு எதிரே, பழைய பஸ் பணிமனை இருந்த காலி மனையில் கூரை வரப்போகிறது. நடுவில் ஒரு மாபெரும் படிக்கட்டு. அதில் மேலே போகும் டாக்டரும் கீழே இறங்கும் விஞ்ஞானியும் தற்செயலாக முட்டிக்கொள்வார்கள், முட்டிய வேகத்தில் ஒரு மருந்து பிறக்கும் என்பது திட்டம். அதற்குச் சந்திப்புப் படிக்கட்டு என்று பெயர் வைத்திருந்தார் தலைமைக் கட்டடக்கலைஞர். சட்டைப் பையில் எப்போதும் அளவுகோல் குத்தி நிற்பதால் அவருக்குப் பெயர் ஸ்கேல் சார்.

சேர்ந்து சிந்திப்பதற்கான ஏற்பாட்டைச் சேர்ந்து சிந்திக்க இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாசலில் யார் பெயர் முதலில் என்பதில் எட்டு மாதம். காபி மிஷின் எந்த மாடியில் என்பதில் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கல்லூரியிலிருந்து டீன் வருவார், மருத்துவமனையிலிருந்து நிர்வாகி அம்மா வருவார், கழகத்திலிருந்து ஒரு விஞ்ஞானி வருவார். மூவரும் ஒரே மேஜையில் மூன்று திசை பார்த்து உட்காருவார்கள்.

அன்று டீன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எல்லாம் நல்லாருக்கு. நோயாளி எங்க?"

மருத்துவ வளாகத்தில் நோயாளி என்ற யோசனை அதுவரை யாருக்கும் வந்திருக்கவில்லை. எல்லோரும் ஆள்பிடியைப் பார்த்தார்கள், ஏதோ நோயாளியை அவன்தான் பைக்குள் ஒளித்து வைத்திருப்பது போல.

"ஒருத்தர் போதும்" என்றார் நிர்வாகி அம்மா. "ஆனா ரொம்ப நோயாளியாத் தெரியக்கூடாது."

"குணமாகிட்டு வர்ற மாதிரி இருக்கட்டும்" என்றார் விஞ்ஞானி. "ஆராய்ச்சியோட பலன் தெரியணும்."

"சிகிச்சையோட பலன்" என்றார் நிர்வாகி அம்மா.

"பயிற்சியோட பலன்" என்றார் டீன்.

ஸ்கேல் சார் குனிந்து ஆள்பிடியின் காதில், "சாயங்காலத்துக்குள்ள ஒருத்தரப் புடி" என்றார்.

அவனிடம் இருந்த நோயாளிகள் இரண்டே வகை. ஒரு வகை, கட்டிலோடு வந்தால்தான் வருவார்கள். கட்டிலைப் படிக்கட்டில் வைக்க முடியாது. இன்னொரு வகை, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓட்டப்பந்தய வீரர்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை வெளிச்சம். படத்தில் வெயில் இடப்பக்கம் மேலேயிருந்து விழுந்தது. ஆளுக்கு வலப்பக்கம் வெயில் அடித்தால் அவர் வேறு சூரியனிலிருந்து வந்தவர் போலத் தெரிவார். தேடித் தேடிக் கண் பூத்துப்போன நேரத்தில் போன் அதிர்ந்தது.

அம்மா ஒரு படம் அனுப்பியிருந்தாள். பிசியோதெரபி அறையில், ஜன்னலோரம், அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கீழே எழுதியிருந்தாள்: "இன்னிக்கு யாரும் புடிக்காம தானா எழுந்து வந்து உக்காந்தார். அவருக்குத் தெரியாம எடுத்தேன். யாருக்கும் காட்டாதே."

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். வெயில் இடப்பக்கம் மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே மொத்தச் சந்தையில் இருபது வருடத்துக்கு மேலாக ஏலம் போட்டவர். தக்காளிப் பெட்டி மேல் ஏறி நின்று ஒரு முறை தொண்டையைச் செருமினால் லாரிக்காரன் ஹாரனை நிறுத்திவிடுவான். ஏலத்தில் குரல் பாதி, முகம் பாதி. புருவத்தை ஏற்றியே விலையை ஏற்றிவிடுவார் என்பார்கள். ஏழு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு போனது. கையும் காலும் மெதுவாகத் திரும்பின. முகத்தின் இடது பாதி மட்டும் வருவதாக இல்லை. கன்னம் தொங்கி, வாய் ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டு, பேச்சு குழைந்துபோனது. வீட்டாருக்கு மட்டும் அது புரியும்.

அன்றிலிருந்து அப்பா, பிசியோதெரபி அறையைத் தவிர வேறெங்கும், முகக்கவசம் இல்லாமல் ஜன்னல் பக்கம்கூடப் போகவில்லை. சந்தையிலிருந்து பார்க்க வந்தவர்களை உள்ளே விடவில்லை. வெளியூரில் அக்கா வீட்டில் தங்கி வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லச் சொன்னார். முகம் நேராகும், பிறகு போய் நிற்கலாம் என்பது அவர் கணக்கு. வீட்டில் யாரும் படம் எடுக்கக்கூடாது என்பது ஒரே சட்டம். அம்மா அதைத்தான் அன்று மீறியிருந்தாள், சந்தோஷத்தில்.

ஆள்பிடியும் மீறினான், வெளிச்சம் பொருந்தியதால். அப்படித்தான் அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கணிப்பொறியில் அப்பாவை நாற்காலியோடு வெட்டி எடுத்து, கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை அழித்து, சந்திப்புப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, காலடியில் நிழல் போட்டான். தூரத்தில் சிவப்புச் சட்டைக்காரி சிரித்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மூன்று நிறுவனங்களிலிருந்தும் ஒரே குறிப்பு வந்தது. முகம் ஏன் கோணலாக இருக்கிறது?

"ஆளை மாத்திடு" என்றார் ஸ்கேல் சார்.

அங்கேயே மாற்றியிருக்கலாம். ஆனால் வெளிச்சத்துக்குப் பொருந்தும் இன்னொருவருக்காக மறுபடி தேட வேண்டும். அதைவிடச் சுலபமான வழி ஒன்று இருந்தது. அப்பாவின் முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை நடுவில் இரண்டாக அறுத்தான். கெட்டுப்போன பாதியைத் தூக்கிப் போட்டான். நல்ல பாதியைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி, காலியான இடத்தில் ஒட்டினான். இரண்டு வாயோரத்தையும் பிடித்து மெல்ல மேலே இழுத்தான். அப்பா சிரித்தார். ஏழு மாதமாகப் பிசியோதெரபிஸ்ட் செய்ய முடியாததை ஆள்பிடி ஒரு காபி ஆறுவதற்குள் செய்து முடித்தான். உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் அவனுக்கு வெட்கமாக இல்லை. பெருமையாக இருந்தது. வெட்கம் பிறகு, சாவகாசமாக, பெட்டி படுக்கையோடு வந்து தங்கியது.

கூட்டத்தில் மூவரும் படத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தலையாட்டினார், அதைப் பார்த்து இன்னொருவர் ஆட்டினார், மூன்றாமவர் தாமதிக்காமல் ஆட்டினார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக மூன்று தலைகள் ஒரே பக்கம் அசைந்தன. நிர்வாகி அம்மா, "இவர்தான். இப்படித்தான் இருக்கணும் நோயாளி" என்றார். அந்த வளாகத்தின் முதல் கூட்டுக் கண்டுபிடிப்பு அப்பாவின் முகம்.

"யாருப்பா இது, தெரிஞ்சவரா?" என்று வெளியே வந்ததும் ஸ்கேல் சார் கேட்டார்.

"இல்ல சார். வாங்கின படம்."

"உரிமையெல்லாம் இருக்குல்ல?"

"இருக்கு சார்."

பெற்ற பிள்ளைக்கு இல்லாத உரிமையா என்று உள்ளே ஒரு வக்கீல் எழுந்து வாதாடினார். அந்த வக்கீலை நேருக்கு நேர் பார்க்க அவனுக்கே தெம்பில்லை.

யாரும் படிக்காத ஓர் அறிக்கையில், யாரும் புரட்டாத ஒரு பக்கத்தில் படம் வரும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஆனால் மூவரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயத்தைப் பக்கத்தில் அடைத்து வைக்க யாருக்கு மனம் வரும்? காலி மனையைச் சுற்றிப் போட்டிருந்த தகர வேலி முழுக்க அச்சடித்து ஒட்டினார்கள். படிக்கட்டு ஒரு ஓரத்தில் இருந்தது. சிவப்புச் சட்டைக்காரி ஒரு ஓரத்தில் இருந்தாள். நடுவில், இரண்டு மாடி உயரத்துக்கு, அப்பா. சந்தையின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே போகும் ஒவ்வொரு லாரியையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆள்பிடி போய்ப் பார்த்தான். அன்றைக்குத்தான் மச்சம் கண்ணில் பட்டது. அப்பாவுக்கு வலது தாடையில் ஒரு மச்சம் உண்டு. பாதியைத் திருப்பி ஒட்டியபோது மச்சமும் திரும்பிப் போய் இடது தாடையிலும் உட்கார்ந்துகொண்டது. கணிப்பொறியில் கடுகளவு. தகர வேலியில் ஒவ்வொன்றும் ஒரு சாப்பாட்டுத் தட்டு. இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அப்பா சந்தோஷமாக இருந்தார்.

பிசியோதெரபிக்குப் போகும் டாக்ஸி தினமும் அந்த வழியாகத்தான் போகும். அவன் டாக்ஸிக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, சந்தை ரோட்டில் வேலை நடக்கிறது, பாலம் சுற்றிப் போய்விடுங்கள் என்றான். அவர் அவனை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "சரி தம்பி" என்றார்.

ஸ்கேல் சாரிடமும் ஒரு முறை முயன்று பார்த்தான். "சார், அந்த ஆளை மாத்திடலாமா?"

"எந்த ஆளை?"

"அந்தச் சிரிக்கற ஆளை."

ஸ்கேல் சார் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "டேய், மூணு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரே பொருள் அந்தச் சிரிப்பு. அதைத் தொட்டேன்னு வை, திரும்பவும் காபி மிஷின்லேர்ந்து ஆரம்பிக்கணும். என் பொண்ணு காலேஜ் முடிக்கறதுக்குள்ள இந்தக் கட்டடத்தைப் பாக்கணும்டா நான். ஏன் மாத்தணும், காரணம் சொல்லு."

காரணம் இரண்டு வார்த்தை. அது எங்கப்பா. நாக்கு நுனிவரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனது.

"சும்மாதான் சார். மச்சம் ரெண்டு இருக்கு."

"இருக்கட்டும்டா. நோயாளிக்கு ரெண்டு மச்சம் இருந்தா யாருக்கு நஷ்டம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு மணி அடித்தது. அம்மா கதவுத் துளை வழியாகப் பார்த்துவிட்டு, சுடுதண்ணீர் கொட்டியது போலக் கையை உதறினாள். "சந்தைலேர்ந்து வந்திருக்காங்க" என்றாள் வாயசைவில்.

படுக்கையறையில் அப்பா கண்ணாடி முன் பயிற்சியில் இருந்தார். கன்னத்தை ஊதுவது, ஊ என்பது, ஈ என்பது. ஈ சொல்லும்போது ஒரு பக்கம் மட்டும் ஈ சொல்லும். மணிச் சத்தம் கேட்டதும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார். அவனைப் பார்த்துக் கையால் ஒரு வீசு வீசினார். இல்லேன்னு சொல்லு.

வந்தவர்கள் இருவர். ஒருவர் மண்டிக்காரர், அவருடைய மண்டியில்தான் அப்பா ஏலம் போட்டார். இன்னொருவர் தக்காளி அக்கா. சந்தையில் பாதித் தக்காளி அவள் கையால்தான் போகும், மீதியும் அவள் வாய்க்குப் பயந்து போகும். ஒரு கூடை பழத்தை மேஜையில் வைத்துவிட்டு, சோபா இருக்க, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். கோபமாக வந்தவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"அப்பாவைக் கூப்பிடு தம்பி" என்றாள் தக்காளி அக்கா. "முகத்தைத்தான் தினம் பாக்கறோம். கூட ஆளையும் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"அப்பா இன்னும் அக்கா வீட்லதான் இருக்கார்."

"எது, சந்தைக்கு எதுத்தாப்ல உக்காந்திருக்காரே, அதுவா உங்க அக்கா வீடு? பெரிய வீடாத்தான் கட்டிக் குடுத்திருக்கீங்க."

அம்மா தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் சமையலறைக்குள் போனாள். திரும்பி வரவில்லை.

மண்டிக்காரர் மெதுவாகப் பேசுகிறவர். "உடம்பு முடியாதப்ப ரெண்டு தடவை வந்தோம், பாக்க விடல. சரி, அந்த நேரத்துல மனுஷனுக்கு ஆயிரம் இருக்கும்னு போயிட்டோம். இப்பக் குணமாயிட்டார். சந்தோஷம். ஆனா குணமானவர் ஒரு போன் பண்ணக்கூடாதா? நாங்க என்ன தப்புப் பண்ணோம்னு கேட்டுட்டுப் போயிடறோம்."

"விளம்பரத்துல நடிக்கப் போயாச்சுல்ல" என்றாள் தக்காளி அக்கா. "இனிமே நாமெல்லாம் சொத்தைக் காய்தான்."

"நீ சும்மா இரு. தம்பி, அவர் இடத்துல என் மச்சான் பையன் நிக்கறான். அவன் விலை சொல்ல ஆரம்பிச்சா, கேக்க வந்தவன் கொட்டாவி விடறான். முந்தாநாள் ஒருத்தன் மூட்டை மேலயே தூங்கிட்டான். நாளைலேர்ந்து வந்துடச் சொல்லு. அவர் பெட்டியை நான் இன்னும் யாருக்கும் குடுக்கல."

ஆள்பிடிக்குக் காது சுட்டது. நான்தான் செய்தேன், அந்தச் சிரிப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. வாயைத் திறந்தான்.

"அது அப்பா இல்லீங்க."

"என்னது?"

"அந்தப் படத்துல இருக்கறது அப்பா இல்ல. என் ஆபீஸ் வேலைதான் அது, எனக்குத் தெரியும். வாங்கின படம். யாரோ ஒருத்தர், பாக்க அப்பா மாதிரி இருக்கார்."

"கதை விடாதே. அந்த மச்சம்?"

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் அதை எப்படிப் பிடித்துக்கொண்டான் என்பதைத்தான் பிறகு அவனால் மறக்க முடியவில்லை.

"நல்லாப் பாருங்கக்கா, அந்த ஆளுக்கு ரெண்டு பக்கமும் மச்சம் இருக்கு. அப்பாவுக்கு ஒண்ணுதானே."

தக்காளி அக்கா மண்டிக்காரரைப் பார்த்தாள். மண்டிக்காரர் கண்ணை மூடி, தகர வேலியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"அட, ஆமா" என்றார். "ரெண்டு இருக்கு."

இருவர் முகத்திலிருந்தும் கோபம் கழன்று விழுந்தது. அதன் கீழே இருந்தது ஏமாற்றம். "அப்ப அவர் இன்னும் குணமாகலையா" என்றாள் தக்காளி அக்கா, இதுவரை கேட்காத ஒரு சின்னக் குரலில்.

படுக்கையறைக் கதவு திறந்தது.

அப்பா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். முகக்கவசம் இல்லை. இடது கன்னம் அதன் இஷ்டத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. நடு ஹாலில் வந்து நின்று, இருவருக்கும் தெரியும்படி வலது தாடையைக் காட்டினார். பிறகு இடது தாடையைக் காட்டினார். ஒரு மச்சம்.

தக்காளி அக்கா எழுந்தவள் உட்கார மறந்து நின்றாள். அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்து ஏதோ சொன்னார். குழைந்து வந்தது. மண்டிக்காரர் முன்னால் சாய்ந்து கேட்டார்; புரியவில்லை. புரிந்தது போலத் தலையாட்டலாமா என்று தவித்தார்.

அப்பா தடியின் நுனியால் மகனைத் தட்டினார்.

"ஏலம்னு சொல்றார்" என்றான் ஆள்பிடி.

அப்பா மறுபடி தட்டினார். சத்தமா.

"ஏலம்" என்றான் சத்தமாக.

அப்பா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் மட்டும் பழுதில்லாமல் அப்படியே இருந்தது. ஒவ்வொரு வரியாகச் சொன்னார். அவர் நிறுத்தும் இடத்தில் அவன் எடுத்துக் கத்த வேண்டியிருந்தது.

"பொருள் ஒண்ணு. முகம். ஒரு பக்கம் வயல்ல விளைஞ்சது. இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர்ல விளைஞ்சது."

தக்காளி அக்காவின் வாயோரம் துடித்தது.

"மச்சம் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். பொருளைக் கொண்டு வந்தது... பொருளைக் கொண்டு வந்தது யாருன்னா..." அவன் நிறுத்தினான். அப்பா தடியை ஓங்கினார். "என் சொந்தப் பையன். அப்பனை வெட்டி ஒட்டினவன். இப்ப அது அப்பனே இல்லைன்னு சொன்னவன். பையனும் ஏலத்துக்கு உண்டு. யார் கேக்கறீங்க?"

"பையனை ஓசில குடுத்தாலும் வேண்டாம்" என்றாள் தக்காளி அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "சொத்தையைக் கூடைக்கு அடியில போட்டு மேல நல்லதை அடுக்கறவனை எத்தனை பேரைப் பாத்திருக்கேன். வீட்லயே ஒருத்தன் வச்சிருக்கீங்க."

மண்டிக்காரரும் சிரித்தார். சமையலறை வாசலில் அம்மா முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா இன்னொன்றா என்று தெரியவில்லை. ஆள்பிடி மட்டும் நடுவில் நின்றான், தன்னைத்தானே கூவி விற்றவனாக.

அப்பா சிரிக்கவில்லை. இன்னொரு வரி சொன்னார், தணிந்த குரலில். அதை அவன் எடுத்துச் சொல்லவில்லை.

"என்ன சொல்றார்?" என்றார் மண்டிக்காரர்.

"ஒண்ணுமில்ல."

"சொல்லு" என்றார் அப்பா. அந்த ஒரு வார்த்தை எல்லோருக்கும் புரியும்படி வந்தது.

"முதல் வாரமே பாத்துட்டாராம்" என்றான். குரல் ஏலத்திலிருந்து இறங்கிவிட்டது. "டாக்ஸிக்காரர் நான் சொன்னதை அப்படியே இவர்கிட்டச் சொல்லியிருக்கார். இவர், அந்த வழியாவே போன்னு கை காட்டிட்டாராம். தினமும் அங்க நிறுத்த வச்சுப் பாப்பாராம். பாக்க நல்லாருந்துச்சாம். அதனாலதான் என்கிட்ட ஒண்ணும் கேக்கலையாம்."

கூடையில் ஒரு பழம் சரிந்து பக்கத்துப் பழத்தின் மேல் சாய்ந்தது. அதையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும்போது மண்டிக்காரர் அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு வந்து பெட்டி மேல உக்காருங்க. நிக்க வேண்டாம். நீங்க சொல்லுங்க, என் மச்சான் பையன் கத்தட்டும். அவனுக்குப் புரியலேன்னா ரெண்டு தட்டுத் தட்டுங்க, தடி இருக்கில்ல." அப்பா யோசித்துப் பார்ப்பதாகத் தலையசைத்தார். அவர்கள் போன பிறகு மகனைக் கூப்பிட்டுத் தன் முகத்தைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்.

"என்னை அங்கேர்ந்து இறக்கு. இல்லேன்னா இதை ஏத்து."

மறுநாள் ஆள்பிடி ஸ்கேல் சாரிடம் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டான். அவர் அளவுகோலைப் பையிலிருந்து எடுத்து, எதையும் அளக்காமல் திரும்ப வைத்தார். கொஞ்ச நேரம் திட்டினார். பிறகு, "உங்கப்பான்னு மீட்டிங்ல மூச்சு விடாதே. உரிமைப் பிரச்சினைன்னு நான் சொல்லிக்கறேன். நீ மாத்துப் படத்தை மட்டும் காட்டு" என்றார்.

அப்படியாக அப்பா ஓர் உரிமைப் பிரச்சினை ஆனார். ஆள்பிடி மாற்றுப் படம் என்று அம்மா எடுத்த முகத்தையே, ஒரு கோடு மாற்றாமல், படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் திரையில் காட்டினான். யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தான். அவர் அப்படித்தான் இருப்பார். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தான்.

மூவரும் பார்த்தார்கள்.

"பாவம்" என்றார் விஞ்ஞானி.

"ரொம்ப நோயாளியாத் தெரியறாரே" என்றார் நிர்வாகி அம்மா. "முகத்தைக் கொஞ்சம் சரி பண்ண முடியாதா?"

அறை அவனைப் பார்த்தது. ஸ்கேல் சார் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தார்.

"சரிங்க மேடம்" என்றான் ஆள்பிடி.

"எதுக்கு இவ்வளவு தொந்தரவு" என்றார் டீன். "அந்த இடத்துல ஒரு செடி வச்சுடுங்க. உரிமை கிரிமைன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

மூன்று தலைகளும் ஒரே பக்கம் அசைந்தன. இரண்டாவது கூட்டுக் கண்டுபிடிப்பு.

செடிகள் அவனிடம் ஏராளமாக இருந்தன. எல்லாச் செடிகளும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தன. ஒரு தொட்டிச் செடியை எடுத்து அப்பாவின் நாற்காலி இருந்த இடத்தில் வைத்தான். பிறகு, யாரும் சொல்லாமலே, அதன் இடது பக்க இலைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கீழே தொங்கவிட்டான். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலையாக அது இல்லை.

நிர்வாகி அம்மா அடுத்த கூட்டத்தில் கவனித்துவிட்டார். "செடி ஒரு பக்கம் வாடியிருக்கே. நிமித்திடுங்களேன்."

"அது அப்படித்தான் இருக்கும் மேடம்" என்றான். குரல் கணீரென்று வந்தது. ஸ்கேல் சாரே திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா, "அப்படிங்களா" என்று விட்டுவிட்டார். அவ்வளவு சுலபமாக விட்டுவிடுவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அன்று முழுக்க அவனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

தகர வேலியில் புதுப் படம் ஒட்டிய அன்று மாலை, அப்பாவைக் கூட்டிவர அவன் சந்தைக்குப் போனான். அப்பா தக்காளிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார், முகக்கவசம் இல்லாமல். மண்டிக்காரரின் மச்சான் பையன் தொண்டை கட்டிப்போய், தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றான். தடி நன்றாக வேலை செய்திருந்தது.

அப்பா எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கட்டு இருந்தது. சிவப்புச் சட்டைக்காரி இருந்தாள். நடுவில் இரண்டு மாடி உயரத்துக்குச் செடி இருந்தது.

"இறக்கிட்டேன்ப்பா" என்றான்.

அப்பா வெகுநேரம் பார்த்தார். "ஏன் ஒரு பக்கம் தொங்குது?"

"நிமித்தச் சொன்னாங்க. அது அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன்."

அப்பாவின் வலது புருவம் ஏறியது, விலை கேட்கும்போது ஏறுமே, அப்படி.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்னைப் பத்தி?"

லாரி ஒன்று பின்னோக்கி வந்துகொண்டு விடாமல் பீப் அடித்தது. அது நிற்கும்வரை ஆள்பிடி காத்திருந்தான். பிறகு குனிந்து அப்பாவின் தடியை எடுத்துக் கையில் கொடுத்தான்.

"டாக்ஸி வந்துடுச்சுப்பா. போலாம்."

டாக்ஸி இன்னும் வந்திருக்கவில்லை.